ஒரு கை மூக்கில், ஒரு கை நாடியில்: நாடிசுத்தி பழக முழு வழிகாட்டி

"மக்களே, எனக்கு ஒரு மூக்குதான் தொறந்திருக்கு. மத்தது அடைச்சுல்லா கெடக்கு. பின்ன நான் எப்படிச் செய்ய?"

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நாடிசுத்தி, அதாவது மூக்கை மாற்றி மாற்றி மூடி மெதுவாக மூச்சு விடும் பயிற்சி, பழக வந்த முதல் நாள் மாமி கேட்டது இது. எழுபது தாண்டியவர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. சாயங்காலம் ஐந்தரைக்கு நாலைந்து பேர் வருவார்கள். இதற்குக் காலை நேரம்தான் நல்லது என்பார்கள். ஆனால் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குள் இறங்கிவிடுவதால் எங்கள் பக்கம் காலை வகுப்பு எடுபடாது.

மாமிக்கு வந்தது கோளாறு இல்லை. மூக்குக்குள் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது. அதில் ரத்தம் நிறைந்தால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். ஒரு பக்கம் வீங்கியிருக்கும்போது மறுபக்கம் சுருங்கியிருக்கும். சில மணி நேரம் கழித்து முறை மாறும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895-இல் இதை எழுதினார். நம் சித்தர் மரபில் இது பழைய பேச்சு: மூச்சு இடது மூக்கில் ஓடினால் சந்திரகலை, வலதில் ஓடினால் சூரியகலை, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிப்பது சரம் பார்த்தல். இந்த வீக்கத்தையும் சுருக்கத்தையும் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். இதயம், குடல், வியர்வை என்று நம்மைக் கேட்காமல் நடக்கிற காரியங்கள் எல்லாம் அதன் பொறுப்புதான்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தால் கீழே இருக்கும் மூக்கு அடைக்கும், மேலே இருப்பது திறக்கும். சாப்பிட்டதும் இடப்பக்கம் சாய்ந்து படு என்று பெரியவர்கள் சொல்வதில் சூரியகலையைத் திறக்கிற கணக்கு இருக்கிறது. சாமியார்கள் அக்குளில் முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் யோகதண்டமும் இதே வித்தைதான். எந்த அக்குளை அழுத்துகிறோமோ அதற்கு எதிர்ப்பக்க மூக்கு திறக்கும். மாமியை வலது மூக்கு திறக்கும்வரை பத்து நிமிடம் இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னேன். அப்புறம்தான் பாடம்.

நாடியைப் பிடித்துப் பாருங்கள்

என் முதல் பாடத்தில் மூக்கைத் தொடவே விடமாட்டேன். இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக, வலது கையின் நடு மூன்று விரலை லேசாகப் பதியுங்கள். துடிப்பு கிடைத்ததும் மெதுவாக ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நாலைந்து தடவை செய்தால் ஒன்று பிடிபடும். இழுக்கும்போது நாடி கொஞ்சம் நெருங்கி அடிக்கிறது, விடும்போது இடைவெளி விட்டு அடிக்கிறது.

முதன்முதலாக இதைக் கவனிப்பவர்கள் பயந்துபோவார்கள். ஒரு பையன், "இதயம் விட்டு விட்டு அடிக்குது" என்று எழுந்தே விட்டான். பயப்பட ஒன்றுமில்லை. இளம் வயதில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், வயது ஏற ஏறக் குறையும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களுக்குச் சுத்தமாகவே தெரியாமல் போகலாம். மாமிக்கு மூன்றாவது வாரம்தான் கைக்கு அகப்பட்டது.

ஏன் இப்படி? இதயத்துக்குள்ளேயே துடிப்பைக் கிளப்பும் ஒரு சிறு திசு இருக்கிறது. எந்த நரம்பும் தலையிடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்க வைக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70, 75 என்று இருப்பதற்குக் காரணம், மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வருகிற வேகஸ் நரம்பு. பெயரில் வேகம் இருந்தாலும் அதன் வேலை பிரேக் போடுவது. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிரேக் கொஞ்சம் தளர்கிறது, விடும்போது பிடிக்கிறது. விடும் நேரம் கூடினால் பிரேக் பிடிக்கும் நேரமும் கூடும். நான் சொல்லிக்கொடுப்பது மொத்தமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

1921-இல் ஆட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயம் ஊறிய திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று காட்டிய சோதனை அது. 1936-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நர்சிங் படிக்கும்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்தக் கதை, திண்ணையில் உட்கார்ந்து மற்றவர் நாடியைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

செபமாலை கணக்கு

கழுத்தில் இருக்கும் பெரிய ரத்தக் குழாயிலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சேதி போகும், மூளை இதயத்தை மெதுவாக்கி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இந்தத் திருத்தம் உடனே முடிகிற வேலை அல்ல. ஒரு சுற்று வர ஏறத்தாழ பத்து விநாடி பிடிக்கிறது. நம் மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு ஆறு என்று வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். தொட்டிலை ஆட்டுகிறவளுக்கு இது தெரியும். அது திரும்பி வரும் நேரம் பார்த்து விரலால் தொட்டாலே போதும்.

2001-இல் இத்தாலிய மருத்துவர் லூச்சானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீனில் செபமாலை சொல்லவும் ஒரு யோக மந்திரம் சொல்லவும் வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது, ரத்த அழுத்தத்தைத் திருத்தும் அந்த அனிச்சைச் செயலும் கூர்மையானது. மாமி தினமும் செபமாலை சொல்கிறவர். இதைச் சொன்னதும், "அப்பம் நான் அம்பது வருசமா இதத்தான் செய்யுதேனா?" என்றார். சொல்லுகிற வேகத்தைப் பொறுத்தது. சமையலுக்கு நேரமாச்சு என்று ஓட்டுகிற ஓட்டத்தில் பத்து விநாடி எங்கே வரும்?

அப்படியென்றால் மூக்கை எதற்கு மூடுவது

இளநீரைச் சீவியதும் அப்படியே வாயில் வைத்துக் குடித்தால் கடகடவென்று இறங்கிவிடும். குழல் போட்டால் அவசரப்பட முடியாது. ஒரு மூக்கை மூடுவதும் அப்படித்தான். வழி குறுகிவிடுவதால் காற்றை வேகமாக இழுக்க முடியாது, மூச்சு தானாக நீளும். "மெதுவா மூச்சு விடுங்க" என்று பத்து தடவை சொல்லியும் நடக்காதது ஒரு விரலால் நடந்துவிடும்.

ஆழமாகவும் மெதுவாகவும் விடுவதில் இன்னொரு லாபம். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று, நுரையீரலின் உள் அறைகள்வரை போகாமல் குழாய்களிலேயே நின்று திரும்பும். 500 மில்லியாக 12 மூச்சு விட்டால் உள்ளே உருப்படியாகப் போய்ச் சேர்வது 4,200 மில்லி. 1,000 மில்லியாக 6 மூச்சு விட்டால் 5,100 மில்லி. மொத்தக் காற்று இரண்டிலும் 6 லிட்டர்தான்.

அதோடு, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்சைடு ஊறுகிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு இது. இதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் இதன் வேலையைக் கண்டதற்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வாயால் மூச்சு விட்டால் இது சேராது. சும்மா மூச்சு விடுவதைவிட 'ம்ம்ம்' என்று ரீங்கரித்து விட்டால் மூக்கிலிருந்து இது 15 மடங்கு கூடுதலாக வருவதை 2002-இல் சுவீடனில் அளந்திருக்கிறார்கள். அதனால் கடைசியில் மூன்று தடவை ரீங்காரமும் சேர்த்துக்கொள்கிறோம்.

இடது குளிர்ச்சி, வலது சூடு என்பது?

நம் கன்னியாகுமரியில் 1972-இல் ஏக்நாத் ரானடே தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் கிளையாகப் பெங்களூரில் யோகா ஆராய்ச்சி நடந்தது. அங்கே 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு 27 மூச்சு என்று ஒரு மாதம் பழக வைத்தார்கள். வலது மூக்கு மட்டும் பழகியவர்களுக்கு உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயு 37 சதவீதம் கூடியது. வலது சூடு என்று மரபு சொல்லும் சூரியகலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்கும், இடது மட்டும் செய்தவர்களுக்கும் அது கூடத்தான் செய்தது, அளவு குறைவு, அவ்வளவுதான். அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் 2008-இல் ரத்த அழுத்தத்தைப் பார்த்தபோது வலது மட்டும் செய்கையில் ஏறியது, மாற்றி மாற்றிச் செய்கையில் இறங்கியது.

என் முடிவு: பலனில் பெரும்பங்கு மெதுவாக விடுவதற்கு, கொஞ்சம்தான் பக்கத்துக்கு. சில பேரை வைத்துச் செய்த சோதனைகளைப் பிடித்துக்கொண்டு "இடது மூக்கில் விட்டால் பிரஷர் போய்விடும்" என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஆனால் பிரஷர் இருப்பவர்கள் வலது மூக்கு மட்டும் பழகுவதைத் தவிர்க்கலாம், அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

யார் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்

மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், நாடி ஏற்கெனவே 50-க்குக் கீழே அடிக்கிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா முற்றியவர்கள் எல்லாரும் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் பயிற்சி தொடங்கி இரண்டு மாதத்தில், "இப்பம் நல்லாருக்கு" என்று தானாகவே மாத்திரையை விட்டார். என்னிடமும் சொல்லவில்லை. தலை கனக்கிறது என்று வந்தபோது மேல் எண் 190. நல்ல வேளை, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இந்தப் பயிற்சி சில புள்ளிகள் இறக்கலாம். மாத்திரை செய்கிற வேலையை இது செய்யாது.

செய்முறை

வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும். சாயா குடித்திருந்தால் அரை மணி பொறுங்கள், நாடி எண்ணிக்கை பொய் சொல்லும். சருகு கொளுத்தும் நேரத்தில் முற்றத்தில் உட்காராதீர்கள். கொசுவர்த்திப் பக்கத்திலும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் இடத்துக்கு அருகிலும் வேண்டாம்.

ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். ஜலதோஷம் பிடித்திருந்தால் விரல் வைக்காமல் மெதுவான மூச்சை மட்டும் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவும் வழக்கம் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே கழுவ வேண்டும். அரை லிட்டருக்குத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. குளத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் நேராக மூக்கில் விடாதீர்கள். 2024-இல் பக்கத்துக் கேரளத்தில் மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் இறந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

உட்காருவதற்குச் சம்மணம் கட்டாயமில்லை. முட்டு வலிக்காரர்களுக்கு நாற்காலியே நல்லது, பாதம் தரையில் படிந்தால் போதும். தரையில் உட்காருகிறவர்கள் ஒரு துவர்த்தை (துண்டை) நாலாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் வைத்தால் முதுகு தானாக நிமிரும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிரஷர் மெஷின் இருந்தால் கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்து அதையும் பாருங்கள்.

முதல் வாரம். இரண்டு மூக்கும் திறந்தே இருக்கட்டும். ஒரு கை வயிற்றில். நாலு எண்ணி இழுங்கள், வயிறு கையைத் தள்ள வேண்டும். ஆறு எண்ணி விடுங்கள். மூன்று நிமிடம். மூச்சு முட்டினால் மூன்று, நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள். விடும் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் சரி.

இரண்டாவது வாரம் முதல் விரல். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் மடியுங்கள். பெருவிரல் வலது மூக்குக்கு, மோதிர விரல் இடது மூக்குக்கு. இங்கேதான் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள். மூக்குத் தண்டைப் பிடித்து நசுக்குவார்கள், மூக்கு கோணிக்கொண்டு போகும். எலும்பு முடிகிற இடத்தைத் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே மெத்தென்று இருக்கும் பக்கச் சுவரை, கதவைச் சாத்துவது போல லேசாகத் தள்ளினாலே மூடிக்கொள்ளும். தலை விரலை நோக்கிக் குனியக்கூடாது, விரல்தான் மூக்கைத் தேடி வர வேண்டும். தோள் கடுத்தால் வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மாமி நாற்காலிக் கையில் தலையணை வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார்.

முதலில் உள்ளே இருக்கும் காற்றை இரண்டு மூக்கிலும் விட்டுவிடுங்கள். வலதை மூடி இடது வழியாக நாலு எண்ணி இழுங்கள். இடதை மூடி, பெருவிரலை எடுத்து, வலது வழியாக ஆறு எண்ணி விடுங்கள். அதே வலது வழியாக நாலு எண்ணி இழுங்கள். வலதை மூடி இடது வழியாக ஆறு எண்ணி விடுங்கள். இது ஒரு சுற்று. இருபது விநாடி ஆகும். குழம்பினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எந்தப் பக்கம் விட்டோமோ அந்தப் பக்கமே இழுக்க வேண்டும், இழுத்தபிறகுதான் விரல் மாறும்.

ஒன்பது சுற்று என்றால் மூன்று நிமிடம். அடுத்த வாரம் பதினைந்து சுற்று, ஐந்து நிமிடம். ஒரு மாதத்தில் பத்து நிமிடத்துக்கு வந்தால் போதும், அதற்கு மேல் நான் யாரையும் தூண்டுவதில்லை. மூச்சின் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் இழுப்பு அதிகம் என்று அர்த்தம். விரல் நுனி மரமரத்தாலோ உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தாலோ தேவைக்கு மேல் காற்றை வெளியேற்றுகிறீர்கள், நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். நெஞ்சு வலி, கண் இருட்டல், படபடப்பு வந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. நெஞ்சு வலி போகாவிட்டால் நேராக ஆஸ்பத்திரி.

முடித்ததும் சட்டென்று எழாதீர்கள். மூன்று ரீங்காரம், ஒரு நிமிடம் கண் மூடிச் சும்மா இருத்தல், அப்புறம் நாடியும் பிரஷரும்.

மூச்சை அடக்குவது பற்றி

கேட்காத ஆள் இல்லை. பழைய கணக்கில் இழுப்பது 16, அடக்குவது 64, விடுவது 32 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது பழைய கால அளவு). மாத்திரைக்கு ஒரு விநாடி என்று வைத்தாலே ஒரே மூச்சு 112 விநாடி. இது பல வருடம் ஒரு குருவின் கண் முன்னால் ஏறி வந்தவர்களுக்கானது. மருந்துவாழ் மலையில் பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்த நாராயண குரு போன்றவர்களின் வழியை, யூடியூப் பார்த்து ஒரு வாரத்தில் பிடிக்க முடியாது. நான் முயன்றிருக்கிறேன். பழகத் தொடங்கிய புதிதில் ஸ்டாப்வாட்ச் வைத்து அடக்கி, நாற்பதாவது விநாடியில் முகம் சிவந்து, விட்டதும் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். விட்டவுடன் ரத்த அழுத்தம் துள்ளி ஏறும். கழிப்பறையில் முக்காதீர்கள் என்று இதய நோயாளிகளிடம் வார்டில் தினமும் சொன்னதும் இதனால்தான். "கடியபட்டணத்துல சிப்பி எடுக்க முங்குறவன் எவ்வளவு நேரம் அடக்குறான்" என்று கேட்பார்கள். அது தண்ணீருக்குள். முகம் குளிர்ந்த நீரில் பட்டதும் இதயம் மெதுவாகிவிடும் ஒரு அனிச்சைச் செயல் அவருக்குத் துணை இருக்கிறது, சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு வேறு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இரண்டும் இல்லை.

தூக்கம் வராதவர்களுக்கு

படுக்கப் போகுமுன் வலது மூக்கை மூடி, இடது வழியாகவே மூன்று எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம். விரலைத் தூக்கிப் பிடிக்கச் சோம்பலாக இருந்தால் வலப்பக்கம் சாய்ந்து படுங்கள், கொஞ்ச நேரத்தில் இடது மூக்கு தானே திறக்கும்.

எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்து, நாள் முழுக்க முறையே மாறாவிட்டால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். நடு எலும்பு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம்.

இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தாலே பலருக்குப் பிரஷர் இறங்கும், அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரு நாள் பயிற்சியோடு, மறுநாள் அதே நேரம் அதே நாற்காலியில் சும்மா உட்கார்ந்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு மாதம் குறியுங்கள். தேதி, நேரம், முன், பின், அன்று மாத்திரை சாப்பிட்டீர்களா, இவ்வளவு போதும். மாமி தன் நோட்டில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: எந்த மூக்கு திறந்திருந்தது என்று. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வையுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் சொல்லட்டும்.